முள் ஒரேயடியாக விழுந்தால்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். என் மருத்துவமனைப் பெஞ்சில் இன்னும் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். என் காரை ஓட்டும் சின்னசாமி அவர்கள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் அப்படி வந்தவரல்லர். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு, "அண்ணன் போயிட்டாருங்க டாக்டரம்மா" என்றார்.

எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு அண்ணன் என்றால் அது செங்கோடன் அவர்கள் ஒருவர்தான். காலையில் கடையைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, டீ வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாராம். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஓடிப்போய்த் தூக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சு வலிக்காக ஓராண்டுக்கு முன் நானே அவரைச் சேலத்துக்கு அனுப்பினேன். கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டு வந்தவர். நோயின் பெயர் நமக்குத் தெரியும் என்பதற்காகத் துக்கம் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறைவதில்லை.

இந்த ஊர் லாரிக்காரர்கள் தாங்கள் போடப்போகும் நினைவு மலருக்கு என்னிடம் நான்கு வரி கேட்டார்கள். செங்கோடன் அவர்களைப் பற்றி நான்கு வரியில் எழுத எனக்குக் கை வரவில்லை. அதோடு, அவரிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே விட்டிருக்கிறேன். அதையும் சேர்த்து எழுதுகிறேன். நீளமாக இருந்தால் மலர்க்குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ராசிபுரத்தில் ஆத்தூர் சாலையில் அவருடைய கடை. கார், லாரி, டிராக்டர் எதுவானாலும் மின்சார வேலை மட்டும் செய்வார். எஞ்சினைத் திறக்கச் சொன்னால், "அதுக்கு வேற ஆளு இருக்குதுங்க" என்று விலகிவிடுவார். 'கரண்டு செங்கோடன்' என்று கேட்டால் பஸ் நிலையத்தில் யாரும் வழி காட்டுவார்கள். ஒல்லியான உடம்பு, காக்கி அரைக்கால் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு உப்புத்தாள். குரல் உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்கோ குரலைத் தாழ்த்திப் பழக்கமில்லை. இந்த ஊரில் என் கோபத்துக்கு ஆளாகாதவர்கள் குறைவு என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ராசிபுரத்தில் ஆறு கட்டில்களோடு பிரசவ மருத்துவமனை தொடங்கினேன். திருச்செங்கோட்டில் தோட்டம் வைத்திருந்த என் அப்பா, தான் ஓட்டிக்கொண்டிருந்த பழைய சீமைக் காரை எனக்குக் கொடுத்தார். வந்த இரண்டாம் நாளே காரைச் செங்கோடன் அவர்கள் கடைக்கு அனுப்பி, பின்னாலேயே நானும் போய் நின்றேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பக்கம் டக் டக் என்று எதுவோ தட்டுகிறது, உடனே சரிசெய்யுங்கள் என்று அதிகாரமாகச் சொன்னேன்.

அவர் சாவியைத் திருப்பினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். தட்டல் வேகமாகத் தொடங்கி, மெதுவாகி, நின்றது. அந்தக் காரில் பெட்ரோல் பம்பு மின்சாரத்தில் ஓடுவது, மற்ற கார்களைப் போல எஞ்சின் அதைச் சுற்றுவதில்லை, பின்னால் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துவரும் சத்தம்தான் அது, எஞ்சின் பக்கக் கிண்ணம் நிறைந்ததும் தானே நின்றுவிடும் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு சொன்னார்:

"அது நோவு இல்லீங்க. அது நாடி. அது கேக்கலைன்னாத்தான் நீங்க எங்கிட்ட வரோணும்."

அன்றே ஒரு பழக்கத்தையும் ஏற்படுத்திவிட்டார். சாவியைத் திருப்பு, பத்து எண்ணு, தட்டல் நின்ற பிறகு ஸ்டார்ட் செய். மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்ததுபோல இருந்தது. அடுத்தவர் எழுதும் சீட்டுக்கு நான் கட்டுப்பட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்பதற்காகவே சில நாள் அந்தப் பக்கம் போயிருக்கிறேன். வண்டி வந்தவுடன் கருவியில் கை வைக்கமாட்டார். முதலில் ஓட்டியவரைக் கூப்பிட்டுக் கேள்விகள் கேட்பார். எப்போது நின்றது, மேட்டிலா பள்ளத்திலா, மழை பெய்ததா, அதற்கு முன்னால் யார் கை வைத்தார்கள். எல்லாம் கேட்ட பிறகு ஒரு சோதனை விளக்கை எடுப்பார். சின்ன பல்பு, இரண்டு ஒயர். ஒரு ஒயரின் நுனியில் கவ்வி, இன்னொன்றில் ஊசி. கவ்வியைக் காரின் இரும்பில் மாட்டி, ஊசியால் தொட்டுப் பார்த்தால் கரண்டு வரும் இடத்தில் பல்பு எரியும். வராத இடத்தில் எரியாது. எந்த இடம் வரை எரிகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று தொட்டுக்கொண்டே போவதுதான் அவருடைய வித்தை முழுவதும். ஆனால் எந்த வண்டியானாலும் முதல் தொடுதல் பேட்டரியில்தான். ஏன் என்று ஒரு முறை கேட்டேன்.

"மொதல்ல விளக்கு பொய் சொல்லுதான்னு பாக்கோணுமுங்க. அப்புறந்தான் வண்டியச் சந்தேகப்படோணும்" என்றார். ரத்த அழுத்தம் பார்க்கும் என் கருவி பழுதானது தெரியாமல் ஒரு வாரம் எல்லோரையும் உப்பைக் குறைக்கச் சொல்லி மிரட்டியவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை.

அவருடைய கடையில் ஆயுத பூஜை பெரிய காரியம். அவரிடம் வேலைக்கு வரும் வண்டிகள் எல்லாம் முதல் நாளே வந்து வரிசையில் நின்றுவிடும். பூசணிக்காயும் எலுமிச்சையும் எல்லோரும் செய்வதுதான். இவர் கூடுதலாக ஒன்று செய்வார். தான் கை வைத்து வேலை பார்த்த பாகம் எதுவோ அதற்குத் தனியாகச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். பேட்டரி, டைனமோ, பியூஸ் பெட்டி. கரண்டு நடமாடும் இடத்தில் அம்மன் நிற்கிறாள் என்பது அவர் நம்பிக்கை. நான் சாமி கும்பிடுவதில் அரைகுறை. ஆனால் பானெட்டைத் திறந்தால் அந்தக் கறுப்புப் பெட்டி மேல் பொட்டைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

நான்கைந்து ஆண்டுகள் இப்படிப் போயின. பிறகு அந்த ஐப்பசி வந்தது.

அடைமழை விட்டிருந்த ஒரு நாள், பகல் பதினொரு மணிக்கு ஒருவர் சைக்கிளில் வந்தார். நாமகிரிப்பேட்டையைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு காட்டுக் கொட்டாய். அவர் மனைவிக்கு முதல் பிரசவம். முந்தின நாளிலிருந்து வலி. குழந்தையின் நாடி தளர்கிறது, டாக்டரம்மா உடனே வரவேண்டும் என்று அங்கிருந்த மருத்துவச்சி சொல்லி அனுப்பியிருந்தார். அந்தத் தாயின் பெயரை இங்கே எழுதமாட்டேன்.

நானும் சின்னசாமியும் கிளம்பினோம். நாமகிரிப்பேட்டை தாண்டியதும் தற்செயலாகப் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். பாதியில் நின்றது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் முள் அடியில் கிடக்கிறது. ஒரு பர்லாங்கு போயிருக்கமாட்டோம், கார் இருமி இருமி நின்றுவிட்டது. இன்னும் ஐந்தாறு மைல் இருந்தது.

பெட்ரோல் விலை ஏறிய காலம் அது. டிரைவர்கள் டேங்கிலிருந்து பெட்ரோலை எடுத்து விற்கிறார்கள் என்று கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு என் காதிலும் ஏறியிருந்தது. "எங்கே வித்தே?" என்று கேட்டேன். நேற்றுத்தான் போட்டேனுங்க என்றார் சின்னசாமி. ஒரு குச்சியை விட்டுக் காட்டுகிறேன் என்று வேலியோரம் ஓடப் பார்த்தார். நான் விடவில்லை. நடுரோட்டில் நின்று என்னென்ன பேசினேன் என்பதை எழுத இப்போது கை கூசுகிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதுவேதான்.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு வந்த ஒரு மரவள்ளிக் கிழங்கு லாரியில் ஏறி நான் போய்ச் சேர்ந்தேன். மருத்துவச்சி வாசலிலேயே நின்றார். உள்ளே போய்க் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. "அர மணிக்கு முன்னால கூடக் கேட்டுச்சுங்களே" என்று அவர் என் பின்னால் நின்று சொன்னார். ஆயுதம் போட்டு எடுத்தேன். ஆண் குழந்தை. அழவில்லை. தாயைக் காப்பாற்ற முடிந்தது.

மாலையில் மருத்துவமனைக்குத் திரும்பினேன். அதற்குள் ஒரு சோடி மாட்டைப் பூட்டிக் காரை இழுத்துவந்து செங்கோடன் அவர்கள் கடை முன்னால் நிறுத்திவிட்டு, சின்னசாமி என் வாசலில் காத்திருந்தார். கையில் ஒரு நீளக் குச்சி. டேங்கில் விட்டு எடுத்தேனுங்க, பாருங்க, இது வரைக்கும் நனைஞ்சிருக்குது என்று நீட்டினார். குச்சியை யார் வேண்டுமானாலும் நனைக்கலாம் என்றேன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றேன். ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டாய் என்றும் சொன்னேன். அவர் குச்சியை வாசற்படியோரம் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

செங்கோடன் அவர்கள் சாமான் வாங்கச் சேலம் போயிருந்தார். மூன்றாம் நாள் திரும்பியதும் எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது பானெட் திறந்திருந்தது, ஆனால் எதிலும் கை வைக்காமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஓட்டிய ஆள் எங்கே என்று கேட்டார். அனுப்பிவிட்டேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த முள்ளு மெல்ல இறங்குச்சுங்களா, ஒரேயடியா உழுந்துச்சுங்களா?"

ஒரேயடியாக என்றேன்.

"பெட்ரோலு தீந்தா முள்ளு மெல்லத்தானுங்க இறங்கோணும். ஒரேயடியா உழுந்தா போனது பெட்ரோலு இல்லீங்க, கரண்டு. முள்ளுக்கும் பம்புக்கும் ஒரே பியூசு."

நோயாளியிடம் எப்போதிலிருந்து வலி, எந்தப் பக்கம் வலி என்று இருபது கேள்வி கேட்பவள் நான். நடுரோட்டில் ஒரு கேள்விகூட எனக்குத் தோன்றவில்லை.

அவர் எழுந்தார். சாவியைத் திருப்பினார். டக் என்ற சத்தம் இல்லை. விளக்கைப் பேட்டரியில் தொட்டார், எரிந்தது. பம்பின் முனையில் தொட்டார், எரியவில்லை. பியூஸ் பெட்டியின் மூடியை எடுத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் பியூஸ் கம்பி அறுபடாமல் முழுசாகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் சின்னசாமியும் பியூஸ் நன்றாக இருக்கிறது என்று விட்டிருக்க வேண்டும். செங்கோடன் அவர்கள் பியூசின் ஒரு பக்கக் கவ்வியில் ஊசியை வைத்தார், எரிந்தது. மறுபக்கக் கவ்வியில் வைத்தார். பல்பு இருட்டாக இருந்தது.

பியூசை மெல்லப் பிடுங்கி எடுத்தார். அந்தக் கவ்விக்குள் காய்ந்த சந்தனம் அப்பியிருந்தது. குங்குமம் கலந்து செம்மண் மாதிரி இறுகியிருந்தது. அதைச் சுற்றிச் செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. அழுக்கு என்று நினைத்தேன். பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, கவ்வி கொஞ்சம் லூசாகிவிட்டது என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் பியூசைத் தம் உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

"ஆயுத பூசையன்னைக்கு மூடியக் கழட்டித் தொடச்சிட்டிருந்தேனுங்க. மறுக்கா மூடறதுக்கு முன்னால பொட்டு வெச்சிட்டேன். சந்தனம் உள்ள எறங்கியிருக்குது. மழை ஈரத்துல களிம்பு புடிச்சிருக்குது. வெச்சது நாந்தானுங்க. சின்னசாமி இல்லீங்க."

அதன் பிறகே உப்புத்தாளை எடுத்தார். தேய்த்துத் துடைத்து, பியூசை மாட்டி, சாவியைத் திருப்பினார். டக் டக் டக் டக். முள் எழுந்து பாதியில் போய் நின்றது. மூன்று நாளாக அந்தப் பெட்ரோல் டேங்கில் அப்படியேதான் இருந்திருக்கிறது. குச்சி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

சின்னசாமிக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். வேண்டாமென்று அவர் தலையை அசைத்தார். "நீங்க தொரத்துன ஆளுங்க. நீங்க போயித்தான் கூப்புடோணும். நானும் வாரேன்" என்றார். அவரே காரை ஓட்டினார். மல்லூர் வழியாகப் பனமரத்துப்பட்டி போனோம். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் சின்னசாமியின் வீடு. அவர் நிலக்கடலைக் காட்டில் கூலிக்குப் போயிருந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டு வந்தார்கள். மண் அப்பிய கையோடு வந்து நின்றார்.

செங்கோடன் அவர்கள் முதலில் பேசினார். தன் தவறை என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில், சின்னசாமியின் மனைவி மக்கள் முன்னால் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அதுவரை சின்னசாமியை நீ என்றுதான் கூப்பிட்டேன். அன்று, "தப்பு என்னோடதுங்க. நீங்க வரோணும்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த 'நீங்க' என்று எனக்கே தெரியவில்லை. இன்று வரை மாறவில்லை. நான் வீட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் இருவரும் ஏரிக்கரைப் பக்கம் நடந்து போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார்கள். சின்னசாமி கை கால் கழுவிக்கொண்டு, மறுநாள் காலையில் வேலைக்கு வருவதாகச் சொன்னார்.

திரும்பும் வழியில் ராசிபுரத்தை நெருங்கும்போது செங்கோடன் அவர்கள் கேட்டார், நேரத்துக்குப் போயிருந்தா அந்தப் பிள்ளை பொழச்சிருக்குமுங்களா என்று.

இந்தக் கேள்விக்கு எங்களுக்கு ஒரு தயார் பதில் உண்டு. இல்லீங்க, நான் போறதுக்கு வெகு முன்னாலேயே போயிருச்சு என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் காரை ஓரமாக நிறுத்தினார்.

"கரண்டு வராத எடத்துல வருதுன்னு சொல்லாதீங்க டாக்டரம்மா" என்றார்.

அப்படியானால் எனக்குத் தெரியாது என்றேன். மருத்துவப்படி அது உண்மை. முந்தின நாளிலிருந்து வலி, தளர்ந்த நாடி, அரை மணி முன்னால் போயிருந்தால் எடுத்திருக்கலாம், எடுத்தும் போயிருக்கலாம். அவர் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேறெதற்கோ காத்திருப்பதுபோல இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "செரிங்க. தெரியாதுன்னா தெரியாதுன்னே இருக்கட்டும்" என்று வண்டியை எடுத்தார்.

அடுத்த ஞாயிறு அவர் பஸ் ஏறி அந்த மலையடிவாரக் கொட்டாய்க்குப் போனதாகப் பிற்பாடு தெரிந்தது. அவர்களிடம் என்ன சொன்னார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று என்னிடம் சொன்னதில்லை. அந்தத் தாய் பிறகு இரண்டு குழந்தைகளை என் மருத்துவமனையில்தான் பெற்றாள். இரண்டு முறையும் செங்கோடன் அவர்கள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, வெளியே நின்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஆயுத பூஜையை அவர் நிறுத்தவில்லை. பொட்டின் இடத்தை மாற்றிக்கொண்டார். பானெட்டுக்கு வெளியே வைப்பார், ஸ்டியரிங்கில் வைப்பார். பூஜை முடிந்து வண்டிகள் கிளம்பும் முன் ஒவ்வொன்றின் பியூஸ் பெட்டியையும் திறந்து உலர்ந்த துணியால் துடைப்பார். ஏன் என்று யாராவது கேட்டால், மழுப்பாமல் சொல்வார்: "எங்கையால ஒரு தப்பு நடந்து போச்சுங்க. ஒரு பச்சப்புள்ள போயிருச்சு." ஆண்டுதோறும், கேட்டவர்களுக்கெல்லாம், வண்டிகளுக்கு நடுவில் நின்று இதைச் சொன்னார். இதைப் படிக்கும் லாரிக்காரர்களில் பலர் அதை அவர் வாயால் கேட்டிருப்பீர்கள். கேட்டவர்களில் ஒருவர்கூட அவரிடம் வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு சோதனை விளக்கு செய்து கொடுத்தார். என் மருத்துவப் பையில் அது ஸ்டெதாஸ்கோப்புக்குப் பக்கத்தில் இருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு முறை தம்மம்பட்டிக்குப் பிரசவம் பார்க்கப் போகும் வழியில் பம்பு மறுபடியும் பேசாமல் போய்விட்டது. எனக்குப் பழைய ஆத்திரம் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டு பானெட்டைத் திறக்கச் சொன்னேன். நானும் சின்னசாமியும் விளக்கை எடுத்துக்கொண்டு தொட்டுக்கொண்டே போனோம். பியூசின் இரண்டு பக்கமும் எரிந்தது, பம்பின் முனையிலும் எரிந்தது. கரண்டு வந்து சேர்கிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை. பம்பிலிருந்து காரின் இரும்புக்குப் போகும் எர்த் ஒயர் திருகாணியிலிருந்து கழன்று கிடந்தது. முடுக்கியதும் டக் டக். கால் மணி நேரம்தான் ஆனது. போய்ச் சேர்ந்தோம், பெண் குழந்தை, ஊரைக் கூட்டும் அழுகை.

திரும்பி வந்து அவரிடம் பெருமையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மொதல்ல பேட்டரில வெச்சுப் பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன் என்றேன். "அப்பச் செரிங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவரிடமிருந்து நான் வாங்கிய பாராட்டு அவ்வளவுதான். பட்டம் வாங்கிய அன்றுகூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவரை எடுத்தார்கள். கடைகள் சாத்தியிருந்தன. ஆத்தூர் சாலையில் லாரிகள் இரு பக்கமும் வரிசையாக நின்றன. வீட்டு வாசலில் கிடத்தியிருந்தபோது அவருடைய மனைவி பாவாயி அம்மாள் அவர் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். நான் அந்தப் பொட்டைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இங்கே இல்லை. தெரு முனை வரை போய், பறைச் சத்தம் தேயும் வரை நின்றிருந்தேன்.

காரில் வந்து உட்கார்ந்த பிறகு சின்னசாமியிடம் சொன்னேன். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னேன்.

"அன்னைக்கு மொதல்ல ஒரு லாரி வந்துச்சுங்க. ஞாவகம் இருக்குதுங்களா?"

அவர் திரும்பாமலே, இருக்குதுங்க என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அந்தக் கிழங்கு லாரி முதல் லாரி இல்லை. கார் நின்று ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, எங்கள் பின்னாலிருந்து ஒரு லாரி வந்தது. சின்னசாமி என் வசவைக் கேட்டபடியே கையை உயர்த்தி அதை நிறுத்தப் பார்த்தார். என்னை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றியது. "கையை இறக்கு. மொதல்ல பெட்ரோல் எங்கேன்னு சொல்லு" என்று கத்தினேன். அவர் கையை இறக்கினார். வேகம் குறைத்த லாரி அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதில் ஏறியிருந்தால், மருத்துவச்சி கடைசியாக நாடி கேட்ட நேரத்துக்கு நான் அங்கே இருந்திருப்பேன்.

அண்ணனிடம் இதை நான் சொல்லவே இல்லை, அந்தப் பாவம் முழுவதும் தன்னுடையது என்று நினைத்தே போய்விட்டார் என்றேன். சின்னசாமி அவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணனுக்குத் தெரியுமுங்க. அன்னைக்கே ஏரிக்கரையில வெச்சு நாஞ் சொல்லிப்போட்டேன். கேட்டுட்டு, 'டாக்டரம்மா அவங்களாச் சொல்லுவாங்க சாமி, நாம கேக்கக் கூடாது'ன்னாருங்க."

ராசிபுரத்தை நெருங்கும்போது காரை ஓரமாக நிறுத்தி அவர் என் முகத்தைப் பார்த்தாரே, அது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. எல்லாம் தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல், ஆயுத பூஜைதோறும் தன் பங்கை மட்டும் ஊரறியச் சொல்லிக்கொண்டு, என் பங்குக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் காத்திருந்திருக்கிறார்.

செங்கோடன் அவர்களே, இதோ சொல்லிவிட்டேன். உங்கள் பொட்டு காரை நிறுத்தியது உண்மை. வந்த லாரியை அனுப்பியது நான். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் இனி உங்கள் பெயரோடு என் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். பிந்திவிட்டேன். மன்னியுங்கள்.

அன்று தெரு வெறிச்சென்று இருந்தது. சின்னசாமி அவர்கள் சாவியைத் திருப்பினார். டக் டக் டக் டக் என்று பம்பு தட்டத் தொடங்கியது. நாங்கள் இருவரும் அவர் சொல்லிவைத்தபடியே பத்து எண்ணினோம். தட்டல் மெதுவாகி நின்றது. போய் வாருங்கள் என்று நான் மனதுக்குள் சொன்ன பிறகே சின்னசாமி அவர்கள் ஸ்டார்ட் செய்தார்.